தண்டோரா கேட்டு ஆற்றில் இறங்கியவர்கள்

ஆறு என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கொட்டாவிதான். பயம் அதற்கு அப்புறம் வரும். அறுபதுகளின் நடுவில் செஞ்சியில், தாலுகா கச்சேரியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். ஐப்பசி பிறந்ததும் வெள்ளத் தகவல் வேலை என் மேஜைக்கு வந்துவிடும். அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. புதிதாக வருகிறவன் தலையில் கட்டுவார்கள். அடுத்த புதியவன் வரும்வரை அவன் சுமக்க வேண்டும். எனக்குப் பிறகு புதியவன் யாரும் வருகிற வழியாக இல்லை.

வேலை என்னவோ சுலபமானதுதான். ஆற்றின் மேல்பகுதியில், மலையடிவாரத்துப் பக்கம் ஒரு சின்ன அணைக்கட்டு இருந்தது. அதன் சுவரில் அடிக்கணக்குக்குக் கோடு போட்டிருந்தார்கள். அபாய அளவுக்குச் சிவப்புக் கோடு. அதைப் பார்த்துக்கொள்ள லஸ்கர் என்று ஒரு காவல் ஆள். மழை பெய்தால் அவர் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சொன்னது எனக்கு இங்கிலீஷ் தந்தியாக வரும். தண்ணீர் எந்தக் கோடு வரை நிற்கிறது, எத்தனை மணிக்குப் பார்த்தது, ஏறுகிறதா வடிகிறதா, இவ்வளவுதான் அதில் இருக்கும். நான் அதைத் தமிழில் எழுதி, தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கி, தண்டோரா போடுகிறவரிடம் கொடுப்பேன். ஆற்றில் வெள்ளம் வருகிறது, தாழ்வான இடத்தில் உள்ளவர்கள் மேட்டுக்குப் போகவும், யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று அவர் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டே போய், கடைசியாக ஆற்றங்கரையில் நின்று அடிப்பார். அக்கரையில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்பது உத்தரவு. அக்கரைக்குப் பறைச் சத்தம்தான் போகும், பேச்சு போகாது. உத்தரவு எழுதினவர்கள் அக்கரையில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

இதில் என்ன கோளாறு வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கோளாறு தகவல் வருகிற வழியில் இருந்தது. லஸ்கர் நினைத்தவுடன் எனக்குத் தந்தி அடிக்க முடியாது. அவர் சேற்றில் நடந்து போய்த் தன் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். மேலதிகாரி எழுதித் தருவதை பஸ்ஸில் கொண்டுபோய், தந்தி ஆபீஸ் இருக்கிற ஊரில் கொடுக்க வேண்டும். அங்கிருந்தும் அது நேராகச் செஞ்சிக்கு வராது, கடலோரத்து ஜில்லா தலைநகருக்குப் போகும். அங்கே எல்லா ஆறுகளின் சமாசாரத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, எங்கள் பங்கை எங்களுக்குத் திருப்பி அனுப்புவார்கள். எங்கள் ஆற்றுச் செய்தி கடற்கரை வரை போய்க் காற்று வாங்கிவிட்டுத்தான் எங்களிடம் வரும். தண்ணீருக்கு அந்த அலைச்சல் எல்லாம் கிடையாது. மலையிலிருந்து நேராக இறங்கி, எங்கள் தரைப்பாலத்தின் மேல் ஏறி ஓடி, போயே போய்விடும். சங்கராபரணி என்று காகிதத்தில் பெரிய பெயர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். கோபம் வந்தால் சட்டென்று வரும், அரை நாளில் ஆறிவிடும். மறுபடி மணல் திட்டு வெளியே தெரிகிற நேரத்துக்கு, 'வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது' என்ற தந்தி என் கைக்கு வரும்.

வந்ததைத் தண்டோரா போடாமல் விடவும் முடியாது, விளக்கம் கேட்பார்கள். எனவே வடிந்துபோன ஆற்றின் கரையில் நின்று, வெள்ளம் வருகிறது வெள்ளம் வருகிறது என்று எங்கள் ஆள் தொண்டை கிழியக் கத்துவார். நான் ஆபீசில் உட்கார்ந்து, தகவல் உடனுக்குடன் தெரிவிக்கப்பட்டது என்று பதில் எழுதுவேன்.

ஜனங்கள் இதை வருஷக்கணக்காகப் பார்த்து, தங்களுக்கென்று ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டிருந்தார்கள். தண்டோரா கேட்டால் ஆறு வடிந்துவிட்டது, இனி இறங்கலாம். வடிகிற மாதிரி தெரிந்து, திடீரென்று இன்னொரு வெள்ளம் வந்து ஆளை அடித்துக்கொண்டு போவது எங்கள் ஆற்றில் உண்டு. அதனால் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பி யாரும் கால் வைக்க மாட்டார்கள். கரையில் குந்தி, வெற்றிலை போட்டுக்கொண்டு, பறைச் சத்தத்துக்குக் காத்திருப்பார்கள். கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டுவார்கள், வண்டிக்காரர்கள் மாட்டைப் பூட்டுவார்கள். ஒருநாளும் அது தப்பாகப் போனதில்லை. டீக்கடையில் என்னைப் பார்த்தால் ஒருவர் கேட்பார்.

"இன்னா சார், தந்தி இன்னும் வர்லியா? அந்தாண்ட மாமியார் ஊட்டுக்குப் போவணும். வெள்ளம் வருதுன்னு சீக்கிரம் சொல்லி வுடு சார்."

கேலி இல்லை. நிஜமாகவே கேட்பார்.

அப்படிக் காத்திருப்பவர்களில் என் நைனாவும் ஒருவர். எங்கள் வீடு இக்கரையில், நிலம் அக்கரையில். நாங்கள் ஜைனர்கள், ஊரில் நைனார் என்று கூப்பிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு நைனா தண்ணீர்கூடத் தொட மாட்டார். அதனால் அம்மா பிற்பகலிலேயே உலை வைத்துவிடுவாள். தரைப்பாலத்தின் மேல் நடந்தால் நிலத்திலிருந்து வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடலாம். பெரிய பாலத்து வழியாகச் சுற்றி வந்தால் இருட்டிவிடும், அன்றைக்குப் பட்டினிதான். மேல்சித்தாமூரில் இருந்த பெரியப்பா ஒவ்வொரு மழைக்கும் வந்து, அந்த நிலத்தை விற்றுவிட்டு இந்தப் பக்கம் வாங்கு என்று சொல்லிவிட்டுப் போவார். நைனா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

தண்டோரா கேட்டதும் அக்கரையில் முதலில் எழுந்திருப்பவர் அவர்தானாம். "எம் புள்ள தந்தி வுட்டுட்டான், எறங்கலாம் வாங்க" என்பாராம். இது என் காதுக்கு வந்தபோது எனக்கு மானம் போனது. அன்றைக்குச் சாயங்காலம் அவரிடம் சண்டைக்குப் போனேன்.

"நைனா, அதுல வெள்ளம் வருது, எறங்காதீங்கன்னு எழுதியிருக்குது. நான்தான் எழுதுறேன்."

"வந்துட்டுப் போயிடுச்சின்னு அர்த்தம்" என்றார் நைனா, சோற்றைப் பிசைந்துகொண்டே. "எழுத உனக்குத் தெரியும். அத்தப் படிக்க எங்களுக்குத் தெரியும். நீ சாப்டியா?"

அவரோடு பேசி ஜெயிக்க முடியாது. விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அவர் படித்ததுதான் சரியாகவும் இருந்தது.

என்னுடைய ஷூவைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் தோல் சாமான் சேர்ப்பதில்லை. உத்தியோகம் என்று ஆனதும் நான் வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதற்கு வெள்ளை பூசி வெயிலில் காயவைப்பேன். மழைக்காலத்தில் தெருவில் சேறு என்றால், அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போய், அங்கே கால் கழுவி மாட்டிக்கொள்வேன். அம்மா சிரிப்பாள். "ஆத்தப் பத்தி ஊருக்கே சொல்றான், ஆத்துல ஒரு நாளு கால நனைச்சிருக்கானா பாரு" என்று நைனா என் காதுபடவே சொல்வார். நான் நனைத்ததில்லை. காகிதத்தில் அந்த ஆற்றைப் பார்த்ததே எனக்குப் போதும் போதும் என்று இருந்தது.

அந்த வருஷம் எங்களுக்குப் புது தாசில்தார் வந்தார். சின்ன வயது, நல்ல மனிதர், அலுப்பு என்றால் என்னவென்று தெரியாதவர். தந்தி வருகிற வழியை நான் சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். யார் யாருக்கோ எழுதினார், நேரில் போய் நின்றார். மழை பிடிப்பதற்குள், அணைக்கட்டுக்குப் பக்கத்து ஆபீசில் ஒரு டெலிபோன் வந்துவிட்டது. லஸ்கர் பார்த்ததை உடனே எங்களுக்கு நேராகச் சொல்லிவிடலாம். பழைய தந்தியும் தன் வழியில் வந்துகொண்டிருக்கும், அதை நிறுத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை.

"இனிமேல் தண்ணி வர்றதுக்கு முன்னாடியே நம்ம ஜனங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்று எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இனிமேல் பொய்ப் பதில் எழுத வேண்டாம் அல்லவா.

கார்த்திகையில் ஒரு நாள், காலையிலிருந்து விடாத தூறல். ராஜகிரி மேகத்துக்குள் போய்விட்டிருந்தது, மலை இருக்கிற இடமே தெரியவில்லை. நைனா விடிந்ததும் நிலத்துக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் வந்து, தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவுக்கு ஓடுகிறது என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அது பெரிய விஷயம் இல்லை. கரையில் வழக்கம்போல உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிற்பகலில் டெலிபோன் அடித்தது. புது டெலிபோனில் வந்த முதல் வெள்ளத் தகவல் அதுதான். மறுமுனைக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது, இன்னும் ஏறுகிறது. நான் எழுத எழுத, தாசில்தார் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக் கையெழுத்துப் போட்டு, தண்டோரா போடுகிறவரிடம் தானே கொடுத்து, "ஓடுங்க, ஓடுங்க" என்றார். அவ்வளவு உற்சாகமாக ஒரு தாசில்தாரை நான் பார்த்ததில்லை.

நான் திரும்ப உட்கார்ந்து ஆபீஸ் பிரதியை எழுத ஆரம்பித்தேன். 'பார்வையிட்ட நேரம்' என்ற இடத்தில் மணியை எழுதினேன். அந்த இடத்தில் நான் எப்போதும் நேற்றைய தேதியை எழுதியிருப்பேன், இல்லாவிட்டால் விடியற்கால மணியை. அதனால் அதை நான் கவனிப்பதே இல்லை. தண்டோராவிலும் அதைச் சேர்ப்பதில்லை, தெருவில் யாருக்கு அது வேண்டும்? அன்றைக்கு எழுதிய மணி எனக்குப் புதிதாகத் தெரிந்தது. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த மணி சற்று முன்புதான் கடந்திருந்தது.

இந்தத் தண்ணீர் இன்னும் வரவில்லை. வழியில் இருக்கிறது.

கடைத்தெருப் பக்கம் பறை கேட்டது. நைனா அக்கரையில் சாப்பாட்டு நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாசில்தார் அறைக்குள் போனேன்.

"சார், தண்டோராவ நிறுத்தணும்."

"எதுக்கு?"

"கேட்டா ஆத்துல எறங்கிடுவாங்க சார்."

அவர் என்னைக் காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இறங்காதீங்கன்னுதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார்."

"அப்புறம் ஏன் இறங்குறாங்க?"

ஊருக்கு வந்து சில மாதமே ஆனவருக்கு இதை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? வெளியே வந்து, பியூனுடைய சைக்கிளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தண்டோரா போடுகிறவர் கரை மேட்டில் நின்று ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். வெள்ளம் வருது, யாரும் எறங்காதீங்க என்று ஒரு வார்த்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, ஏற்கெனவே தண்ணீரில் கால் வைத்துவிட்டாள்.

"அடிக்காதய்யா, நிறுத்து" என்று கத்தினேன்.

"நான் எறங்காதீங்கன்னுதான் சார் சொல்றேன். அவங்க எறங்குறாங்க" என்றார் அவர். அவருக்கும் வியப்பாக இல்லை. என்றைக்கும் நடப்பதுதானே. நான் அவர் கையைப் பிடித்த பிறகு பறை பாதி அடியில் நின்றது.

இக்கரையில் இருந்தவர்களை நான் முன்னால் போய் மறித்துக்கொண்டேன். தண்ணி இனிமேதான் வருது, போன் வந்துச்சி, சத்தியமா சொல்றேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அழாத குறை. கச்சேரி சாருக்கு இன்னாமோ ஆயிடுச்சி என்று முணுமுணுத்துக்கொண்டு மேட்டுக்குத் திரும்பினார்கள். கூடைக்கார அம்மாள் என்னைத் திட்டிக்கொண்டே போனாள்.

அக்கரைக்கு என்ன செய்வது? அங்கே ஒரு மாட்டுவண்டி வைக்கோல் பாரத்தோடு தரைப்பாலத்தில் இறங்கிவிட்டிருந்தது. வண்டிக்காரர் எங்கள் பக்கத்து நிலத்துக்காரர். வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு, குடையோடு நடந்து வருகிறவர் நைனா. இழுப்பு இருந்தால் அப்படிப் பிடித்துக்கொண்டு வருவது வழக்கம். நான் கத்தினேன். மழைச் சத்தத்திலும் தண்ணீர்ச் சத்தத்திலும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தேன். முழங்கால் வரை வந்துவிட்டது. ஷூவுக்கு அடியில் பாலத்துக் கல் வழுக்கியது.

நைனா நின்றுவிட்டார். பின்கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார். வண்டிக்காரரைப் பார்த்து என்னவோ சொல்வது தெரிந்தது, வண்டி நிற்கவில்லை. நைனா திரும்பி, வந்த வழியே வேகமாக நடந்தார். ஓடினார் என்றே சொல்லலாம், குடையைப் போட்டுவிட்டார். அவர் கரையில் ஏறி நின்ற கொஞ்ச நேரத்துக்குள் தண்ணீர் வந்தது.

அதை வர்ணிக்க எனக்குத் தெம்பில்லை. செம்மண் நிறமாக, செத்தையும் முள்ளுமாக வந்தது. என்னைத் தண்டோராக்காரர்தான் சட்டையைப் பிடித்து மேலே இழுத்தார். வண்டி குடைசாய்ந்தது. வண்டிக்காரர் மாடுகளைப் பூட்டிலிருந்து அவிழ்க்கிறவரைக்கும் இடத்தை விடவில்லை. ஒரு மாடு நீந்தி அக்கரை ஏறியது. வண்டிக்காரரை அக்கரையில் நின்றவர்கள் கயிறு வீசி இழுத்துவிட்டார்கள். இன்னொரு மாட்டை, தலை மட்டும் தெரிய, வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றைக்கு வீட்டில் அம்மா இலை போட்டு வைத்திருந்தாள். மோர்க்குழம்பும் அவரைக்காயும். நைனா அந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறார் என்று சொன்னேன். பொழுது சாய்ந்ததும் இலையை எடுத்துவிட்டாள். சுற்றி வந்தாலும் சாப்பாடு இல்லை என்று, அக்கரையில் பம்ப்செட் கொட்டகையிலேயே அவர் ஈர வேட்டியோடு, வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். உயிரோடு இருக்கிறாரே, அது போதும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போனால், என் மேஜை மேல் தந்தி. பழைய வழியில், பஸ் ஏறி, கடற்கரை பார்த்து வந்த தந்தி. அதே வெள்ளம், அதே சிவப்புக் கோடு, அதே மணி. ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது, எச்சரிக்கவும். தாசில்தாரிடம் கொண்டுபோனேன். அவர் ராத்திரி தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதைப் படித்துவிட்டு, ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"இதையும் போட்டுத்தானே ஆகணும்?" என்றார்.

"ஆமா சார்."

கையெழுத்துப் போட்டார். தண்டோரா போனது. அது முடிந்து கொஞ்ச நேரத்தில் நைனா ஈரக் காலோடு கச்சேரி வாசலுக்கே வந்துவிட்டார். கூடவே அந்த வண்டிக்காரர். நுகத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு, மிஞ்சிய மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"இப்பத்தான்டா வந்துச்சி உன் தந்தி. கேட்டுட்டுத்தான் எறங்குனேன்" என்றார் நைனா.

"நேத்து எப்படி நைனா திரும்புன? தண்டோராதான் கேட்டுச்சே?"

"கேட்டுச்சி. ஆனா நீ தண்ணியில நிக்கிற. அந்த வெள்ள ஷூவோட நிக்கிற. இன்னாமோ கெட்டுப்போச்சின்னு தெரிஞ்சிக்கினேன். இவன்கிட்ட சொன்னேன், தண்டோரா போட்டாச்சி நைனாரே, இன்னா பயம்னு சொல்லிட்டான்."

வண்டிக்காரர் நேராக என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"சார், நேத்து அடிச்சீங்களே, அது இன்னா தண்டோரா?"

"அது நெசமான தண்டோரா" என்றேன். "தண்ணி வர்றதுக்கு முன்னாடி போட்டது."

"அப்ப இன்னிக்கு அடிச்சது?"

"அதுவும் நெசந்தான். அதே தண்ணிக்குத்தான்."

அவர் நுகத்தடியைத் தோள் மாற்றிக்கொண்டார். "ரெண்டும் நெசமா இருந்தா எம் மாடு எப்படி சார் போச்சி?" என்று கேட்டார். தாசில்தார் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை.

தண்ணீர் வருகிறது என்றால் விடாமல் அடிப்பது, வடிந்தது என்றால் விட்டுவிட்டு அடிப்பது என்று வைத்துக்கொள்ளலாமா என்று நான் எழுதிக் கொடுத்தேன். அதற்கு விதியில் இடமில்லை என்று மேலே இருந்து பதில் வந்தது. இரண்டு தகவலும் வந்துகொண்டே இருந்தன. டெலிபோனுக்கு ஒரு தரம், தந்திக்கு ஒரு தரம் தண்டோரா போனது. எது முந்தினது, எது பிந்தினது என்று ஜனங்களுக்குக் குழம்பிப் போயிற்று. கெட்ட சகுனம் மாதிரி பறைச் சத்தத்தைக் கேட்டு முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள்.

நைனா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். "தண்டோராவ நான் கேக்க மாட்டேன். சாயங்காலம் நீ கரைக்கு வா. எறங்கலாம்னா ஷூவக் கழட்டிக் கையில புடிச்சிக்கினு நில்லு. எறங்கக் கூடாதுன்னா கால்ல போட்டுக்கினு தண்ணியில நில்லு" என்றார். அந்த மழைக்காலம் முழுவதும் அப்படியே செய்தேன். மற்றவர்களும் இதைப் பார்த்துக்கொண்டார்கள். பறை அடிக்கட்டும், அடிக்காமல் போகட்டும், அக்கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் என் காலைப் பார்த்தார்கள். தந்தியும் டெலிபோனும் வைத்துக்கொண்டு ஒரு தாலுகாவின் வெள்ள எச்சரிக்கை கடைசியில் என் ஷூவில் வந்து நின்றது. ஆபீஸ் முடிந்து நேராக ஆறு, ஆற்றிலிருந்து வீடு. தகவலில் சந்தேகம் என்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் தப்பாக நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு தூக்கத்திலும் விடவில்லை. இடுப்பு நொந்தது. கான்வாஸ் பழுப்பேறிக் கிழிந்தது, வெள்ளை பூசுவதை விட்டுவிட்டேன்.

தை மாதம் எனக்கு மாற்றல் வந்தது. தூரத்துத் தாலுகா. ஆர்டரைக் கையில் வாங்கியபோது, உள்ளதைச் சொன்னால், அப்பாடா என்று இருந்தது. நைனா சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில் சொன்னேன். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.

"அங்க ஆறு இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா. ஏரிதான்."

"நல்லது. கொஞ்சம் ஒக்காந்திருப்ப." மோர் ஊற்றிப் பிசைந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்தவர், வாசற்படியில் கிடந்த என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த ஐப்பசிக்கு நான் யாரப் பாத்துடா எறங்குறது?"

புது ஆள் ஒருவன் வருவான், அவனிடம் சொல்லி வைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வேறொருவன் காலை நம்பி இவரை ஆற்றில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"எறங்காத நைனா. மழை வந்தா பாலத்து வழியா சுத்திக்கினு வா."

"இருட்டிப் போயிடும். பட்டினி கெடக்கச் சொல்ற."

"ஆமா நைனா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அப்படியே செய்தார் என்று அம்மா பிறகு எழுதினாள், மழை நாட்களில் அவருக்கு இலை போடுவதில்லை என்று. ஆற்றைப் பற்றி நான் வார்த்தையால் கொடுத்த எச்சரிக்கைகளில், நான் சொன்ன அர்த்தத்திலேயே கேட்டவர் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.